ஓடி முடிச்சப்புறம் கேட்ட கேள்வி

நிறுத்துங்க நாரை அண்ணே! "நாவல்மடுக்காரங்க தங்களோட தலைவரையே நடுவுல நிக்க வச்சு விசாரிச்சாங்க, மானங்கெட்ட காடு"ன்னு இந்தக் கீழ்மடு பூரா றெக்கையை விரிச்சுக்கிட்டுச் சொல்லித் திரிஞ்சது நீங்கதானே? இப்போ நான் நேர்ல வந்து நின்னதும் ஒத்தக்காலைத் தூக்கிக்கிட்டு கண்ணை மூடினா விட்டுடுவேனா?

மானம் போச்சாம்! யாருக்கு? எங்களுக்கா?

உங்க தவளைங்களைக் கூப்பிடுங்க. அந்தக் கோரைப் புல்லுக்குப் பின்னாடி தனியா நிக்குற தாரா வாத்து அக்காவையும் கூப்பிடுங்க. எல்லாரும் கேட்கட்டும். நடந்ததை நடந்தபடி சொல்றேன். நான் கீரி, பேரு துடுக்கி. நாவல்மடுவுல கூப்பாடு படிக்கிற பொண்ணு. எந்தச் சத்தம் எந்த ஆபத்துக்குன்னு படிக்கிறதுதான் என் படிப்பு. அதனால யார் எப்போ கூவினாங்கங்கிற கணக்கு எனக்குத் தப்பாது.

எங்க மடுக் கரையில ஒரு பெரிய நாவல் மரம் நிக்குது. தண்ணி குடிக்கணும்னா தலையைக் குனியணும். குனிஞ்ச தலைக்குச் சிறுத்தை வர்றது தெரியாது. அதனால வருஷா வருஷம் முதல் மழை அன்னைக்கு நாங்க ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து மர உச்சியில உட்கார வைப்போம். அவருதான் எங்க தலைவர். சிறுத்தை கண்ணுல பட்டா அவரு கூவணும். அவரு கூவினா நாங்க ஓடணும்.

"கூப்பாடு கேட்டா கேள்வி கேட்காதே, ஓடு!" இதுதான் எங்க சட்டம். குட்டி பிறந்ததும் தாய் அதோட காதுல முதல்ல சொல்றது இதைத்தான்.

இன்னொரு வழக்கமும் இருக்கு. அது காவல் மரம். அதுல ஏறி யாரும் பழம் பறிக்கக் கூடாது. கிளை ஆடினா பார்வை மறைக்கும். தானா விழுற பழத்தைப் பொழுது சாயுற வரைக்கும் தொடாம விட்டு, அப்புறம் எல்லாரும் ஒண்ணாத் தின்னணும்.

மூணு வருஷமா எங்க தலைவர் மந்தி உச்சியார். நானும்தான் "உச்சியார் வாழ்க!"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். ஏன் மறைக்கணும்? அவரு வர்றதுக்கு முன்னாடி மாசத்துக்கு ஒரு உசிரைச் சிறுத்தை தூக்கிட்டுப் போகும். அவரு ஏறின முதல் ரெண்டு வருஷம் ஒரு முயல்கூடப் போகல. அவ்வளவு கூர்மையான கண்ணு!

மூணாவது வருஷம்தான் அந்தக் கண்ணு கீழ விழுந்து கிடந்த பழத்து மேல போச்சு.

இந்த நாவல் பருவத்துல மூணு தடவை கூப்பாடு வந்துச்சு. மூணு தடவையும் பழம் நிறைய விழுந்த நாள். மூணு தடவையும் நாங்க ஓடிட்டுத் திரும்பி வந்தா தரையில ஒரு பழம் இருக்காது. "சிறுத்தை தின்னிருக்கும்"னு உச்சியார் சொன்னாரு. நாங்க தலையாட்டினோம். சிறுத்தை நாவல் பழம் தின்னுமா அண்ணே? சிரிக்காதீங்க! கேட்கக் கூடாதுன்னு வளர்ந்தவங்களுக்கு அது தோணவே இல்ல.

மூணாவது ஓட்டத்துலதான் அது நடந்துச்சு.

புள்ளிமான் அல்லியோட குட்டி பிறந்து பதினோரு நாள்தான் ஆச்சு. சேத்துல கால் மாட்டிக்கிச்சு. பின்னாடி காட்டுப்பன்னிக் கூட்டம் தலைதெறிக்க ஓடி வந்துச்சு. அதுங்களுக்குக் குட்டி கீழ கிடந்தது தெரியல. நாங்க திரும்பி வந்தப்போ அல்லி சேத்துல மண்டி போட்டுக் குட்டியோட காதை நக்கிக்கிட்டு இருந்தா.

அதுக்கப்புறம் அவ தினமும் மடுவுக்கு வந்தா. ஆனா குடிக்கல. தலையைக் குனியல. மரத்தையே பார்த்துக்கிட்டு நின்னா. நாலாம் நாள் காலையில வாயைத் திறந்தா.

"உச்சியாரே! அன்னைக்குச் சிறுத்தை இருந்துச்சா?"

குடிச்சுக்கிட்டு இருந்தவங்க எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தாங்க!

உச்சியார் மேலயிருந்து வாலைத் தொங்கவிட்டாரு. "என்னம்மா இது? கூப்பாடு கேட்டா கேள்வி கேட்காதேன்னு உன் அம்மா சொல்லித் தரலையா?"

"சொல்லித் தந்தா. அதான் கேட்காம ஓடினேன். குட்டியை விட்டுட்டு ஓடினேன். இப்போ ஓடி முடிச்சுட்டேன். இப்போ கேட்கிறேன். அன்னைக்குச் சிறுத்தை இருந்துச்சா?"

அவ்வளவுதான். அண்ணே, இந்த ஒரே கேள்விதான். நீங்க ஏதோ நாங்க சதி பண்ணோம், மரத்தை வெட்டப் பார்த்தோம்னு கதை கட்டுறீங்களே, அப்படி எதுவும் இல்ல. ஒரு தாய், ஒரு கேள்வி!

"தலைவரை அவமானப்படுத்துறாங்க!"ன்னு உச்சியார் தன் கூட்டாளி மந்திங்களைக் கத்த விட்டாரு. அப்போதான் காட்டெருமை பெரியநாச்சி மெதுவா எழுந்து வந்தா. எங்க காட்டுலயே பெரிய உடம்பு, சின்னக் குரல்.

"கத்துறதை நிறுத்துங்க. நாளைக்குக் காலையில மடுவைச் சுத்தி எல்லாரும் உட்காருவோம். கேட்க வேண்டியவங்க கேட்கட்டும், சொல்ல வேண்டியவர் சொல்லட்டும். உச்சியாரே, அது வரைக்கும் நீங்கதான் தலைவர். உச்சியிலேயே இருங்க, காவல் பாருங்க."

கவனிச்சீங்களா? தீர்ப்புக்கு முன்னாடி நாங்க அவரைக் கீழ இறக்கல. அவரு வேலையை அவரு பார்த்தாரு.

மறுநாள் காலையில எல்லாரும் வந்தோம். உச்சியாருக்காகப் பேச வந்தது யாரு தெரியுமா? காட்டுப்பன்னி கோரையன்! குட்டியை மிதிச்ச கூட்டத்தோட தலைக்கட்டு.

"நான் ஒண்ணு கேட்கிறேன்"னான் கோரையன். "கூவுறவன் இனிமே பயந்துக்கிட்டே கூவணுமா? 'இது நிழலா, சிறுத்தையா? தப்பாப் போனா நாளைக்கு நடுவுல நிக்க வைப்பாங்களே'ன்னு யோசிப்பான். அவன் யோசிக்கிற அந்த நேரத்துல சிறுத்தை பாஞ்சுடும். அப்போ யார் குட்டி போகும்? சொல்லுங்க!"

நல்ல கேள்விதான்.

ஆனா நான் எழுந்தேன். "கோரையன் மாமா, நிழலைப் பார்த்துத் தப்பாக் கூவினா யாரும் திட்டப் போறதில்ல. தெரிஞ்சே கூவினாரான்னுதான் கேட்கிறோம். நான் படிச்சதைச் சொல்றேன். சிறுத்தை நடந்தா காடு வரிசையாப் பேசும். மந்தி கூவினா, அடுத்து காட்டுக்கோழி கத்தும், அப்புறம் தவிட்டுக்குருவி, அதுக்கப்புறம் மேட்டுல கடம்பை மான். சிறுத்தை போற பாதை பூரா சத்தம் கூடவே போகும். அந்த மூணு நாளும் யாராவது கத்தினீங்களா? காட்டுக்கோழி அக்கா, நீங்க?"

"இல்லடி. நான் எதையும் பார்க்கல. சும்மா ஓடினேன்."

"தவிட்டுக்குருவிங்களா?"

"இல்ல! இல்ல! இல்ல!" ஏழும் ஒரே நேரத்துல.

உச்சியார் மேலயிருந்து சிரிச்சாரு. "என் கண்ணு உங்க எல்லாரையும்விடக் கூர்மை. அதுக்காகத்தானே என்னை இங்க உட்கார வச்சீங்க? நீங்க பார்க்காததை நான் பார்த்தேன். எல்லாரும் ஓடிட்டீங்க. அங்க என்ன நடந்துச்சுன்னு சொல்ல யார் இருக்கா?"

"நான் இருக்கேன்."

எங்கிருந்து சத்தம்னு யாருக்கும் புரியல. மரத்தடியில கிடந்த ஒரு கல்லு நகர்ந்துச்சு. கல்லு இல்ல, நட்சத்திர ஆமை வட்டன்!

"கூப்பாடு வந்தா எல்லாரும் ஓடணும். நான் எங்க ஓட?"ன்னாரு வட்டன். "நான் ஓட ஆரம்பிச்சு பத்து அடி போறதுக்குள்ள நீங்க திரும்பி வந்துடுவீங்க. அதனால தலையை உள்ள இழுத்துக்கிட்டு அங்கேயே இருப்பேன். மூணு நாளும் இருந்தேன். சிறுத்தை வரல. மந்திங்கதான் இறங்கி வந்துச்சு. மூணாம் நாள் ஒருத்தர் என் முதுகு மேல சம்மணம் போட்டு உட்கார்ந்து பழம் தின்னாரு. கொட்டையை என் தலைக்கு நேரா துப்பினாரு. 'என்னமா ஓடுறாங்க பாருங்கடா!'ன்னு சொல்லிச் சிரிச்சாரு. குரல் எனக்குத் தெரியும்."

அவரு திரும்பிக் காட்டினாரு. ஓட்டு மேல ஊதாக் கறை. சம்மணம் போட்ட அளவுக்கு!

"ஏன்யா இதை அன்னைக்கே சொல்லல?"ன்னு பெரியநாச்சி கேட்டா.

"கேட்கக் கூடாதுன்னு சட்டம். யாருமே கேட்காதப்போ நான் யார்கிட்ட சொல்ல?"

கோரையன் அப்படியே உட்கார்ந்துட்டான். அவன் மூக்கு மண்ணுல இடிச்சுது.

அந்த நேரம் பார்த்து, உச்சியார் கூவினாரு!

"க்கா! க்கா! க்கா!"

அதே சத்தம். சிறுத்தைக்கான சத்தம்.

இப்போ நான் சொல்லப் போறது எனக்குப் பெருமை இல்ல அண்ணே. ஆனா சொல்லித்தான் ஆகணும். நான் பாறை மேல தாவி ஏறிக் கத்தினேன்: "பொய்! விசாரணையைக் கலைக்கப் பார்க்கிறாரு! யாரும் ஓடாதீங்க!"

பாதிப் பேர் நின்னுட்டாங்க. என் பேச்சைக் கேட்டு நின்னாங்க!

அப்போ அல்லி என்ன பண்ணா தெரியுமா? அந்த ஆளோட பொய்யால குட்டியை இழந்தவ. அவதான் முதல்ல பாஞ்சா. "ஓடுங்க! கேள்வி அப்புறம்!"னு அலறினா. போற போக்குல பின்னங்காலால என்னை ஒரு உதை விட்டா பாருங்க, நான் பாறையிலயிருந்து உருண்டு புதருக்குள்ள போய் விழுந்தேன்.

விழுந்தப்புறம்தான் கேட்டுச்சு. காட்டுக்கோழி கத்துச்சு. தவிட்டுக்குருவிங்க கத்துச்சு. மேட்டுல கடம்பை மான் "டாங்!"னு குரல் கொடுத்துச்சு. காடு வரிசையாப் பேசுச்சு.

சிறுத்தை வந்துச்சு அண்ணே! நான் நின்ன அதே பாறை மேல கால் வச்சு நின்னுச்சு. அதோட மீசையை நான் புதருக்குள்ள இருந்து பார்த்தேன். வெறுங்கரையை மோந்து பார்த்துச்சு. வட்டனை ஒரு தட்டு தட்டுச்சு. கல்லுன்னு நினைச்சு விட்டுடுச்சு. வந்த வழியே போயிடுச்சு.

ஒரு உசிரும் போகல.

கொஞ்ச நேரம் கழிச்சு ஒவ்வொருத்தரா திரும்பி வந்தோம். உச்சியார் மார்பை நிமிர்த்திக்கிட்டுக் கீழ்க்கிளை வரைக்கும் இறங்கி வந்தாரு.

"பார்த்தீங்களா? நான் இல்லாட்டி இன்னைக்கு நாலு பேராவது போயிருப்பீங்க! இவ்வளவு நடந்தும் உங்களைக் காப்பாத்தினேன். என்ன, விசாரணை முடிஞ்சுதா?"

சில பேர் "ஆமா, ஆமா, விட்டுடலாம்"னு முணுமுணுத்தாங்க. எனக்கு அவங்க மேல கோபமே வரல. உசிர் பிழைச்ச நேரத்துல நன்றி பெருசாத் தெரியும்.

அல்லி முன்னாடி வந்தா. தலையைத் தாழ்த்தி உச்சியாரைக் கும்பிட்டா. நிஜமாத்தான் கும்பிட்டா!

"இன்னைக்குக் காப்பாத்தினதுக்கு நன்றிங்க. மனசார சொல்றேன். இப்போ உட்காருங்க. அன்னைக்குச் சிறுத்தை இருந்துச்சா?"

அண்ணே, இதைச் சொல்லும்போது இப்போகூட எனக்கு மேல் மயிர் சிலிர்க்குது. எங்க காட்டுல பெரிய உருவம் பெரியநாச்சி. கூர்மையான கண்ணு உச்சியாருக்கு. ஆனா எங்க காடு எவ்வளவு உசரம்னு கேட்டா, நான் அந்த மெலிஞ்ச மானைத்தான் காட்டுவேன்!

உச்சியார் மரத்தைப் பார்த்தாரு. எங்களைப் பார்த்தாரு. அந்தக் கிளையிலேயே உட்கார்ந்தாரு.

"இல்ல."

"மத்த ரெண்டு நாள்?"

"இல்ல. பழம் நிறைய கிடந்துச்சு. நீங்க எப்படியும் திரும்பி வந்துடுவீங்கன்னு நினைச்சேன். குட்டி இருந்தது எனக்குத் தெரியாது, அல்லி."

"தெரியாதுதான். ஓடச் சொல்றவரு கீழ யார் யார் இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கணும்"னா அல்லி.

பெரியநாச்சி முறையைச் சொன்னா. உச்சியார் இறங்கணும்னு நினைக்கிறவங்க கிழக்குக் கரை. இருக்கலாம்னு நினைக்கிறவங்க மேற்குக் கரை. சேத்துல காலடி பதியும். யார் எங்க நின்னாங்கங்கிறது அடுத்த மழை வரைக்கும் எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

முதல்ல எழுந்தவன் கோரையன். "என் கூட்டம்தான் அந்தக் குட்டியை மிதிச்சுது"ன்னான். "சிறுத்தை வந்துச்சுன்னு நம்பினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்னு இருந்தேன். அதான் இவருக்காகப் பேசினேன். மன்னிச்சுடும்மா." கிழக்குக் கரைக்கு நடந்தான். அவன் பின்னாடி காடே நடந்துச்சு.

ஒன்பது பேர் மட்டும் மேற்குக் கரையில நின்னாங்க. நின்னா என்ன? அவங்களும் இன்னைக்கு எங்க பக்கத்துலதான் தண்ணி குடிக்கிறாங்க. யாரும் யாரையும் முறைக்கல.

உச்சியாரை நாங்க காட்டை விட்டு விரட்டவும் இல்ல, அடிக்கவும் இல்ல. உச்சிக் கிளையிலயிருந்து இறங்கச் சொன்னோம். இறங்கினாரு. இப்போ எல்லாரையும் போலத் தரையில உட்கார்ந்து, பொழுது சாயுற வரைக்கும் பழத்தைத் தொடாம காத்திருக்காரு. அவரு மூஞ்சியைப் பார்த்தா பாவமாத்தான் இருக்கு. ஆனா நாங்க செஞ்சது தப்பாத் தெரியல.

அப்புறம் என் முறை வந்துச்சு!

"துடுக்கி, 'ஓடாதீங்க'ன்னு கத்தினது யாரு?"ன்னு பெரியநாச்சி கேட்டா.

என் வால் மயிரெல்லாம் படுத்துடுச்சு. "நான்தான்"னேன். "கோபத்துல கத்தினேன். கேள்வி கேட்கிற ஜோருல, எப்போ கேட்கணும்னு மறந்துட்டேன். என்னால சில உசிர் போயிருக்கும். தப்பு என்னோடது." மொத்தக் காட்டு முன்னாடியும் சொன்னேன். மூணு நாள் எல்லாரும் குடிச்சப்புறம் கலங்கின தண்ணியைத்தான் குடிச்சேன். அதையும் பெருமையாத்தான் சொல்லிக்கிறேன்!

சட்டத்தை நாங்க தூக்கிப் போடல. "கூப்பாடு கேட்டா கேள்வி கேட்காதே, ஓடு!" இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு. அதுக்குக் கீழ ரெண்டு வரி சேர்த்தோம். ஓடி முடிச்சதும், கூவினவர் இறங்கி வந்து எதைப் பார்த்தார்னு சொல்லணும். அன்னைக்கு அவருதான் கடைசியாக் குடிக்கணும், கடைசியாப் பழம் தின்னணும்.

இப்போ உச்சியில இருக்கிறது கொப்பாயி. உச்சியாரோட சொந்தக் கூட்டத்து மந்திதான்! மூஞ்சியைப் பார்த்து இல்ல, கண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். முந்தாநாள் அவ கூவினா. ஓடினோம். திரும்பி வந்தோம். அவ இறங்கி வந்து, "அந்தப் புதர்ல கிடந்த காஞ்ச மரக்கட்டையைச் சிறுத்தைன்னு நினைச்சுட்டேன்! வெயில் புள்ளி புள்ளியா விழுந்துச்சு!"ன்னா. நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். அவளும் சிரிச்சா. கடைசியாக் குடிச்சா. திரும்ப மேல ஏறினா. நேத்து நிஜச் சிறுத்தை வந்தப்போ ஒரு நொடிகூடத் தயங்காம கூவினா. கேள்வி கேட்டா கூவுறவங்க பயந்துடுவாங்கன்னு கோரையன் மாமா சொன்னாரே, இப்போ அவரே சொல்றாரு: "பொய்க்காரனுக்குத்தான் பயம், கொப்பாயிக்கு என்ன பயம்?"

அல்லியும் குடிக்க ஆரம்பிச்சுட்டா அண்ணே. தலையை நல்லாக் குனிஞ்சு, கண்ணை மூடிக் குடிக்கிறா. தலைவரைக் கேள்வி கேட்ட காட்டுலதான் அவளால அப்படிக் குனிய முடியுது.

இதைத்தான் நீங்க மானங்கேடுன்னு ஊர் ஊரா ஊதுறீங்க!

சரி, என் கதை முடிஞ்சுது. இப்போ உங்க கதைக்கு வருவோம். உங்க கீழ்மடுவுக்குத் தலைவர் முதலையார். "தண்ணி கலங்குது, எல்லாரும் கரைக்குப் போங்க"ன்னு அவரு சொன்னா நீங்க எல்லாரும் கேள்வி கேட்காமப் போறீங்க. நல்லது. போன வெயில்ல அப்படிப் போயிட்டுத் திரும்பி வந்தப்போ இந்தத் தாரா அக்காவோட மூணு குஞ்சையும் காணோம். பாருங்க, அவ இன்னும் தண்ணியில இறங்காம கரையிலேயே நிக்குறா. அவ கேட்கல. நீங்க கேட்க விடல. "தலைவருக்கு மரியாதை கொடு"ன்னு வாயை அடைச்சீங்க.

ஆபத்து நேரத்துக்குன்னு கொடுத்த அதிகாரத்துக்கு ஆபத்து முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் பதில் சொல்லியே ஆகணும், அப்படிச் சொல்ல வைக்கிற காட்டுக்குத்தான் மானம் இருக்கு.

நாங்க கேட்டோம். எங்க தலைவர் சொன்னாரு. நானும் சொன்னேன். இப்போ காலைக் கீழ வைங்க நாரை அண்ணே, கண்ணைத் திறங்க. தவளைங்க எல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கு, தாரா அக்கா உங்களைத்தான் பார்க்கிறா. அந்த மூணு குஞ்சும் எங்க? உங்க முதலையாரைக் கூட்டிட்டு வாங்க, இல்லாட்டி அவருக்காக இவ்வளவு கத்துற நீங்களே சொல்லுங்க. என் காதுல இல்ல, இங்க, இந்தக் கரையில, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்க!